48 டிபி நிறைஞ்சு போச்சு, 500 டிபி வாங்கலாமா?

கேள்வி:

அக்கா, நான் ஒரு பல்கலைக்கழகத்துல பயோடெக் லேப்ல டெக்னிக்கல் அசிஸ்டென்ட். லினக்ஸ் தெரிஞ்ச ஒரே ஆள்ங்கறதால சர்வர் பொறுப்பும் என் தலையில விழுந்துடுச்சு. லேப்ல ஒரு 48 டிபி (டெராபைட்) நாஸ், அதாவது நெட்வொர்க் வழியா எல்லாரும் ஃபைல் போடுற ஸ்டோரேஜ் பெட்டி இருக்கு, 94 சதவீதம் ஃபுல். சீக்வென்சிங் (டிஎன்ஏ எழுத்தை வரிசையா படிக்கறது) வெளியில குடுத்து டேட்டா வாங்குறோம், போன வருஷம் ஒரு லைட்ஷீட் மைக்ரோஸ்கோப்பும் வந்துச்சு, ரெண்டும் சேர்த்து மாசம் 5 டிபி ஏறுது. 11 பிஎச்டி ஸ்காலர்ஸ். இடம் இல்லாததால பழசையெல்லாம் எக்ஸ்டர்னல் டிஸ்க்ல போட்டு பீரோவுல வச்சிருக்கோம், 23 டிஸ்க் ஆச்சு, அதுல ஒண்ணு கிளிக் கிளிக்குனு சத்தம் போடுது. இப்ப கிராண்ட்ல 25 லட்சம் வந்திருக்கு. ஒரு வெண்டர் 500 டிபி ஒரே சர்வரா தர்றேன்னு கொட்டேஷன் குடுத்திருக்கார். இன்னொருத்தர் கிளவுடுக்கு போங்கங்கறார். ஒரு ஸ்காலர் லஸ்டர்ங்கற ஸ்டோரேஜ் சாஃப்ட்வேர் போடலாம்ங்கறார். மேடம் என்கிட்ட முடிவு கேக்குறாங்க. எதை வாங்கறது?

பதில்:

தம்பி, உங்க லெட்டர்ல எல்லா நம்பரும் இருக்கு, ஒரு நம்பர் மட்டும் காணோம். அந்த 48 டிபிக்குள்ள என்ன இருக்கு? எவ்ளோ ரா டேட்டா (மெஷின்லேர்ந்து வந்த அப்படியே), எவ்ளோ நடுவுல வந்த குப்பை, எவ்ளோ ஒரே ஃபைலோட நாலு காப்பி? இது தெரியாம 500 டிபி வாங்கினீங்கன்னா அதுவும் நிறையும், சில வருஷம் கழிச்சு அதே லெட்டரை நம்பரை மட்டும் மாத்தி எனக்கு திரும்ப எழுதுவீங்க. பதினேழு வருஷமா ஆராய்ச்சிக் கூடங்களுக்கு ஸ்டோரேஜ் பார்த்துக்கிட்டு இருக்கேன், டிஸ்க் பத்தாம போன லேபைவிட எதை அழிக்கலாம்னு சொல்ல ஆள் இல்லாத லேபைத்தான் அதிகம் பார்த்திருக்கேன்.

அதனால முதல் வேலை எண்ணுறது. வெள்ளிக்கிழமை சாயந்திரம் எல்லாரும் கிளம்பினதுக்கு அப்புறம் ஒரு ஃபைண்ட் கமாண்ட் ஓட விடுங்க, ஒவ்வொரு ஃபைலுக்கும் சைஸ், ஓனர், கடைசியா மாத்துன தேதி, முழு பாத், இது நாலையும் ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல எழுதி வச்சுக்கற மாதிரி. டியு கமாண்ட் மட்டும் போட்டா மொத்த நம்பர்தான் வரும், அதுவும் ஃபைல் நிறைய இருந்தா ரெண்டு நாள் ஓடும், அடுத்த கேள்வி கேட்டா திரும்ப முதல்லேர்ந்து ஓடணும். டெக்ஸ்ட் ஃபைல் ஒருதடவை கையில இருந்துட்டா அதை எக்ஸ்டென்ஷன் வாரியா, ஆள் வாரியா, வருஷ வாரியா எப்படி வேணா பிரிச்சு பாக்கலாம். கடைசியா எப்ப ஓப்பன் பண்ணாங்கன்னு காட்டுற தேதியை மட்டும் நம்பாதீங்க, நிறைய சிஸ்டத்துல வேகத்துக்காக அதை சரியா எழுதவே மாட்டாங்க.

எங்க இடத்துல முதல்தடவை இதை செஞ்சப்போ என்ன வந்துச்சுன்னு சொல்றேன், உங்களுதும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான் இருக்கும். மனுஷ ஜீனோம் ரெஃபரன்ஸ் ஃபைலும் அதோட இண்டெக்ஸும் ஒவ்வொரு ஸ்காலர் ஃபோல்டர்லயும் தனித்தனியா. சீக்வென்ஸ் துண்டுகளை ஜீனோமோட பொருத்தின ரிசல்ட்டை (அலைன்மென்ட்) பாம் ஃபைலா மாத்தி முடிச்ச அப்புறமும் அழிக்காம விட்ட சாம் ஃபைல், அது வெறும் டெக்ஸ்ட், பாமைவிட மூணு நாலு மடங்கு பெருசு. சுருக்குன ஃபாஸ்ட்க்யூ (சீக்வென்சிங்லேர்ந்து வர்ற ரா ஃபைல்) பக்கத்துலயே விரிச்ச ஃபாஸ்ட்க்யூ. ஆளாளுக்கு பத்து பைத்தான் என்விரான்மென்ட், ஒவ்வொண்ணுலயும் லட்சம் ஃபைல். அப்புறம் இருக்கவே இருக்கு ஃபைனல், நியூ ஃபைனல், ஒரிஜினல் ஃபைனல், மேடம் கரெக்ஷன் ஃபைனல். இதுல எனக்கு மனசுல நின்னது வேற ஒண்ணு, லிஸ்ட்ல ஓனர் பேர் வர்ற இடத்துல சில ஃபைலுக்கு வெறும் நம்பர் நிக்கும், 1047, 1052 அப்படி. அந்த ஸ்காலர் படிச்சு முடிச்சு போயாச்சு, அக்கவுண்ட்டை எடுத்தாச்சு, ஆள் பேர் மறைஞ்சு நம்பர் மட்டும் தங்கிடுச்சு. அந்த நம்பர் பேர்ல ஒன்பது டிபி.

இதை மூணு குவியலா பிரிங்க. மறுபடி எடுக்கவே முடியாதது ஒண்ணு: மைக்ரோஸ்கோப் ரா படம், சீக்வென்சிங் கம்பெனி அனுப்பின ஃபாஸ்ட்க்யூ, அதோட சாம்பிள் விவரம். கணக்கு போட்டா திரும்ப வர்றது ரெண்டாவது: அலைன்மென்ட், நடு ஸ்டெப் ஃபைல், பிளாட் படம் எல்லாம். மூணாவது குவியல் யாருக்கும் எதுன்னே தெரியாதது, உங்க தலைவலி முழுக்க அங்கதான். அதை நீங்களா அழிக்காதீங்க. லிஸ்ட்டை பிரிண்ட் எடுத்து, ஸ்காலர்ஸ் மீட்டிங்ல வச்சு, 60 நாள் டைம் குடுத்து, மேடம்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு அப்புறம் கை வைங்க. டெக்னிக்கல் அசிஸ்டென்ட் அழிச்சுட்டான்ங்கற பேர் வந்துட்டா அது ரிட்டயர் ஆகுற வரைக்கும் போகாது.

ரெண்டாவது குவியலை தைரியமா குறைக்கலாம். பாம் வச்சே ஆகணும்னா கிராம் ஃபார்மட்டுக்கு மாத்துங்க (எடை போடுற கிராம் இல்ல, அதுவும் ஒரு ஃபைல் ஃபார்மட்), கிட்டத்தட்ட பாதியா சுருங்கும், ஆனா எந்த ரெஃபரன்ஸ் ஜீனோமோட வச்சு சுருக்குனீங்களோ அதே ஃபைலை பத்திரமா வச்சிருக்கணும், அது போச்சுன்னா கிராமும் போச்சு. ரெஃபரன்ஸை எல்லாருக்கும் பொதுவா ஒரே இடத்துல ரீட்-ஒன்லியா வைங்க.

அழிக்கறது பாவம்னு நெனைக்கற ஸ்காலருக்கு ஜெனீவா பக்கத்துல இருக்குற செர்ன் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தோட கதையை சொல்லுங்க. அங்க எல்எச்சிங்கற துகள் மோத விடுற மெஷின்ல செகண்டுக்கு 4 கோடி தடவை புரோட்டான் கொத்தும் கொத்தும் குறுக்க போகுது. அத்தனையும் சேமிக்க முடியாதுன்னு அவங்களுக்கு மெஷின் கட்டுறதுக்கு முன்னாடியே தெரியும், அதனால ட்ரிக்கர்னு ஒரு அடுக்கு வச்சு அந்தந்த நொடியிலேயே முடிவு பண்ணி, செகண்டுக்கு சில ஆயிரம் மட்டும் வச்சுக்கிட்டு மிச்சத்தை கொட்டிடுறாங்க. அப்படி கொட்டியும் 2023-ல அவங்க டிஸ்க் கொள்ளளவு ஒரு எக்ஸாபைட்டை தாண்டுச்சு, அதாவது பத்து லட்சம் டெராபைட். அவ்ளோ பெரிய சேமிப்பு வச்சிருக்கறவங்களே எதை வேண்டாம்னு விடுறதுங்கறதுக்குத்தான் அதிகம் மெனக்கெடுறாங்க.

சரி, எண்ணி முடிச்சாச்சு, 48 டிபி ஒரு 30 ஆச்சுன்னு வைங்க. இப்ப வளர்ச்சியை பாருங்க. மாசம் 5 டிபின்னா வருஷம் 60. இதுல உண்மையான ரா எவ்ளோன்னு கணக்கு போட்டுட்டு அதுக்குத்தான் டிசைன் பண்ணணும். இப்ப இருக்குற சைஸை மட்டும் பாத்து வாங்குறவங்க சட்டை தைக்குறப்போ வளர்ற பிள்ளைக்கு அளவெடுத்து அப்படியே தைக்கற மாதிரி.

அந்த 500 டிபி கொட்டேஷன்ல எனக்கு முதல் சந்தேகம் அது ராவா (டிஸ்க் அளவு எல்லாத்தையும் கூட்டினது) யூசபிளா (நிஜமா புழங்கக் கிடைக்கறது). எழுதியிருக்கவே மாட்டார். 20 டிபி டிஸ்க் ஒண்ணு வாங்கினா கம்ப்யூட்டர் 18.2-ன்னுதான் காட்டும், ஆயிரத்துல எண்ணுறதுக்கும் 1024-ல எண்ணுறதுக்கும் உள்ள வித்தியாசம் அது, யாரும் திருடல. அப்புறம் ரெண்டு டிஸ்க் செத்தாலும் டேட்டா பிழைக்கணும்னா ஒவ்வொரு செட்லயும் ரெண்டு டிஸ்க் அளவு அதுக்கே போகும். 12 டிஸ்க், ஆறு ஆறா ரெண்டு செட், இசட்எஃப்எஸ்ங்கற ஃபைல் சிஸ்டத்துல ரெய்டு இசட்2 (செட்டுக்கு ரெண்டு டிஸ்க் செத்தாலும் தாங்குற முறை) போட்டீங்கன்னா 240-ல 160 மிஞ்சும், கம்ப்யூட்டர் கணக்குல 145, அதுலயும் 80 சதவீதத்துக்கு மேல ரொப்பினா வேகம் விழும், ஆக நிம்மதியா புழங்க 116. பாக்ஸ்ல 240-ன்னு போட்டிருக்கும், கையில 116. இதுக்குத்தான் சொல்றேன், டெண்டர் ஸ்பெக் எழுதறப்போ "யூசபிள் கொள்ளளவு இவ்ளோ, ரெண்டு டிஸ்க் ஃபெயில் தாங்கணும்"னு எழுதுங்க. வெறும் 500 டிபின்னு ஜெம்ங்கற அரசு கொள்முதல் போர்ட்டல்ல போட்டா எல்1-ல (குறைஞ்ச விலை கேட்டு) வர்றவர் எது மலிவோ அதைத்தான் தருவார், அவர் மேலயும் தப்பு சொல்ல முடியாது. டிஸ்க் சிஎம்ஆர் வகையா இருக்கணும்னும் எழுதுங்க. எஸ்எம்ஆர்ங்கற வகையில ஓட்டு ஒண்ணுமேல ஒண்ணு ஏறுன மாதிரி டிராக்கை அடுக்கியிருப்பாங்க, தொடர்ந்து எழுதறப்போ நொண்டும், ஒரு டிஸ்க் மாத்தி ரீபில்ட் பண்றப்போ செட்டையே கவுக்கும். நாஸ்க்குன்னு வித்த டிஸ்க்லயே சொல்லாம இதை போட்டிருந்தாங்கன்னு 2020-ல பெரிய சண்டையே நடந்துச்சு.

ரெண்டாவது சந்தேகம், ஏன் ஒரே சர்வர்? 500 டிபி ஒரே பெட்டியில, ஒரே ரூம்ல, ஒரே யூபிஎஸ்ல இருந்தா அதை ஸ்டோரேஜ்னு சொல்ல எனக்கு வாய் வரல. பாதி கொள்ளளவுல ரெண்டா வாங்குங்க, ஒண்ணு உங்க லேப் பக்கம், இன்னொண்ணு வேற கட்டடத்துல, ராத்திரி ராத்திரி இதுலேர்ந்து அதுக்கு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்துல ஃபைலெல்லாம் இருந்த நிலைமையோட பதிவு) போகட்டும். ஸ்னாப்ஷாட் இருந்தா ஸ்காலர் தப்பா அழிச்சதும் திரும்ப எடுக்கலாம், ரான்சம்வேர் வந்து எல்லாத்தையும் பூட்டினாலும் நேத்து நிலைமைக்கு போகலாம், ஆனா ரெண்டாவது சர்வரோட பாஸ்வேர்டு முதல் சர்வர்ல எங்கயும் இருக்கக் கூடாது, இழுக்கறது ரெண்டாவது சர்வரா இருக்கணும், முதல்லேர்ந்து தள்ளுற மாதிரி வச்சா திருடன் கையில ரெண்டு சாவியும் குடுத்த கதை.

ரெய்டு (டிஸ்க் செத்தாலும் தாங்குற மாதிரி செட்டா கட்டுறது) இருக்கே அப்புறம் எதுக்கு பேக்கப்னு மேடம் கேப்பாங்க. முன்னாடி நான் வேலை பார்த்த ஒரு இடத்துல நடந்தது. எட்டு டிஸ்க், ரெய்டு 5, ஒரு டிஸ்க் போனா மட்டும் தாங்கும். ஒரு டிஸ்க் போச்சு, கன்ட்ரோலர் கடமையா பீப் பீப்புனு கத்த ஆரம்பிச்சுது. பக்கத்து ரூம்ல மீட்டிங்குக்கு தொல்லையா இருக்குன்னு யாரோ சத்தத்தை மட்டும் அமுக்கி நிறுத்திட்டாங்க, யார்கிட்டயும் சொல்லல. நான் மூணு வாரம் ஊர்ல, அம்மாவுக்கு ஆபரேஷன். திரும்பி வந்து கதவை திறந்தா சர்வர் முகத்துல ரெண்டு ஆரஞ்சு லைட்டு எரியுது. ரூம் அவ்ளோ அமைதி. ஒரு பொண்ணோட நாலு வருஷ மைக்ரோஸ்கோப் படம் அதுல இருந்துச்சு, கடைசியில மிஞ்சினது அவ தீசிஸ் டிராஃப்ட்ல ஒட்டி வச்சிருந்த சின்ன ஜேபெக்கும் ஒரு பென் டிரைவும்தான். அன்னிக்கு முதல் எந்த இடத்துக்கு போனாலும் நான் முதல்ல செய்யறது டிஸ்க் அலர்ட் என் ஃபோனுக்கும் இன்னொருத்தர் ஃபோனுக்கும் மெயிலா வர்ற மாதிரி வைக்கறது. நீங்களும் அதை சர்வர் வந்த அன்னிக்கே செய்யுங்க, ஒரு டிஸ்க்கை கையால உருவி மெயில் வருதான்னு பாத்துட்டு அப்புறமா டேட்டா ஏத்துங்க.

லட்சக்கணக்கான டிஸ்க் ஓட்டுற பேக்பிளேஸ் கம்பெனி வருஷா வருஷம் போடுற கணக்குல நூத்துக்கு ஒண்ணு, ஒண்ணரை டிஸ்க் சாகுது. உங்க 24 டிஸ்க்ல மூணு வருஷத்துக்கு ஒண்ணுன்னு வைங்க. கம்மிதான். ஆனா 20 டிபி டிஸ்க்கை மாத்தினா முழுசா எழுதவே, செகண்டுக்கு 250 எம்பி வேகத்துல 22 மணி நேரம், அதுவும் யாரும் அதை தொடாம இருந்தா. ஸ்காலர்ஸ் தொடாம இருக்க மாட்டாங்க, ரெண்டு மூணு நாள் ஆகும், ஒரே பேட்ச்ல வாங்கின அண்ணன் தம்பி டிஸ்க்கெல்லாம் அந்த மூணு நாள்தான் அதிகமா உழைக்கும். ரெண்டு டிஸ்க் தாங்குற செட்டு ஏன்னு இப்ப புரியும்.

ரெண்டு சர்வர் இருந்தாலும் ஒரே ஸ்கிரிப்ட் ரெண்டையும் தொடுற மாதிரி இருந்தா பிரயோஜனம் இல்ல. ஜப்பான்ல கியோட்டோ பல்கலைக்கழகம், 2021 டிசம்பர், சூப்பர்கம்ப்யூட்டர் ஸ்டோரேஜ்ல 77 டிபி காணாம போச்சு, 3.4 கோடி ஃபைல், 14 ஆராய்ச்சி குழுவோடது, அதுல 4 குழுவோடதை மீட்கவே முடியல. காரணம் ஹேக்கிங்கும் இல்ல, டிஸ்க்கும் இல்ல. பத்து நாளைக்கு மேல பழசான லாக் ஃபைலை அழிக்கற ஸ்கிரிப்ட் ஒண்ணு. அதை சரி பண்ணி புதுசு போட்டப்போ பழசு இன்னும் ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஸ்கிரிப்ட்டை ஓட்டுற பாஷ் இருக்கே, அது ஸ்கிரிப்ட்டை முழுசா ஒரே மூச்சுல படிச்சுக்காது, ஓட ஓட படிக்கும், ஆக பாதியில புது ஃபைலை படிக்க ஆரம்பிச்சு, டைரக்டரி பேர் இருக்க வேண்டிய வேரியபிள் காலியா இருந்து, லாக் ஃபோல்டருக்கு பதிலா ஸ்டோரேஜோட தலையிலேர்ந்து அழிச்சுட்டு போச்சு. சர்வர் குடுத்த எச்பிஇ கம்பெனியே தங்களுக்குத்தான் முழு பொறுப்புன்னு எழுதி குடுத்தாங்க. உங்க ஸ்கிரிப்ட் எதுலயாவது ஃபைண்டும் டெலிட்டும் ஒரே வரியில இருந்தா, வேரியபிள் காலியா இருந்தா அங்கயே நின்னுடுற மாதிரி முதல் வரியில செட் பண்ணிட்டு, இன்னிக்கே ஒருதடவை அதை வேற யாரையாவது படிக்க சொல்லுங்க.

இப்ப மைக்ரோஸ்கோப்புக்கு வருவோம், உங்க லெட்டர்ல நெட்வொர்க் பத்தி ஒரு வார்த்தை இல்ல, எனக்கு அதுதான் பயம். லைட்ஷீட் கேமரா 2048க்கு 2048 பிக்சல்னு வைங்க, பிக்சலுக்கு 2 பைட், ஒரு படம் 8 எம்பி சொச்சம். செகண்டுக்கு 100 படம் எடுத்தா 800 எம்பி. ஒரு மணி நேரம் விடாம எடுத்தா 3 டிபி. உங்க கட்டடத்துல சுவத்துல இருக்கறது 1 ஜிகாபிட் லைனா இருந்தா அது நல்ல நாள்லயே 110 எம்பிதான் இழுக்கும். காவேரி தண்ணிய ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுற வேலை. அதனால மைக்ரோஸ்கோப் கம்ப்யூட்டர்ல என்விஎம்இங்கற வேகமான டிஸ்க் சில டிபி போட்டு முதல்ல அங்க இறக்குங்க, ராத்திரி சர்வருக்கு நகர்த்துங்க, செக்சம் (ரெண்டு காப்பியும் ஒண்ணுதானான்னு பாக்குற நம்பர்) சரியா இருந்தா மட்டும் அங்க அழிங்க. மைக்ரோஸ்கோப்புக்கும் சர்வருக்கும் நடுவுல மட்டும் தனியா ஒரு 10 ஜிகாபிட் லைன் இழுங்க, கட்டடம் முழுக்க வேண்டாம், ரெண்டு கார்டு, ஒரு கேபிள், தேவைப்பட்டா ஒரு சின்ன சுவிட்ச், மொத்த செலவுல இது ஓரமா போற காசு. 5 டிபி நகர 1 ஜிகாபிட்ல பன்னெண்டரை மணி நேரம், 10 ஜிகாபிட்ல டிஸ்க் ஈடு குடுத்தா ஒண்ணரை மணி நேரத்துக்குள்ள.

அப்புறம் ஃபைல் எண்ணிக்கை. புதுசா வர்ற இமேஜ் டூல் நிறைய சார்ங்கற ஃபார்மட்ல சேமிக்குது, படத்தை சின்ன சின்ன க்யூபா வெட்டி ஒவ்வொண்ணையும் தனி ஃபைலா வைக்கும். 64க்கு 64க்கு 64-ன்னு வெட்டினா ஒரு க்யூப் அரை எம்பி, ஒரு டிபி படத்துக்கு 19 லட்சம் ஃபைல். டிஸ்க்ல இடம் கொட்டி கெடக்கும், ஆனா ஃபைல் லிஸ்ட் காட்டுற எல்எஸ் கமாண்ட் போட்டா டீ குடிச்சுட்டு வரலாம், பேக்கப் ஓடிக்கிட்டே இருக்கும் முடியவே முடியாது. கல்யாண மண்டபத்துல பந்தி எவ்ளோ நீளமா போட்டாலும் வாசல்ல டோக்கன் கிழிக்கறது ஒரே ஆள்னா கூட்டம் வாசல்லதான் நிக்கும், பெரிய ஸ்டோரேஜ்ல மெட்டாடேட்டா (எந்த ஃபைல் எங்க இருக்குங்கற விவரம்) அந்த டோக்கன் ஆள். அந்த சார் ஃபார்மட்டோட மூணாவது வெர்ஷன்ல ஷார்டிங்னு வந்திருக்கு, நிறைய க்யூபை சேர்த்து ஒரே ஃபைலா கட்டும், அதை ஆன் பண்ண சொல்லுங்க. முடிஞ்சுபோன புராஜெக்ட்டை டார் கமாண்ட்ல ஒரே ஃபைலா கட்டி வைங்க, உள்ள என்ன இருக்குன்னு ஒரு லிஸ்ட் மட்டும் வெளியில.

லஸ்டர் போடலாம்னு சொன்ன ஸ்காலர்கிட்ட கோவிச்சுக்காதீங்க, அவர் எங்கயோ பெரிய கிளஸ்டர்ல வேலை பாத்துட்டு வந்திருப்பார். லஸ்டர் நல்ல பொருள், நூத்துக்கணக்கான கம்ப்யூட்டர் ஒரே நேரத்துல ஒரே டேட்டாவை படிக்கணும்னா அதுக்குன்னே செஞ்சது, மெட்டாடேட்டாவுக்கு தனி சர்வர், டேட்டாவுக்கு தனி சர்வர்கள். ஆனா அதுக்கு முழுநேரமா ஒரு ஆள் வேணும், கெர்னல் வெர்ஷன் மாத்தறதே ஒரு வைபவம். உங்ககிட்ட முழுநேர ஆள் யாரு, நீங்க, அதுவும் பாதி நேரம் பிசிஆர் மெஷின் சர்வீஸுக்கு ஃபோன் பண்ணிக்கிட்டு இருப்பீங்க. செஃப்ங்கற இன்னொரு ஸ்டோரேஜ் சாஃப்ட்வேரும் அப்படித்தான், மூணு பெட்டிக்கு கம்மியா ஆரம்பிக்கவே கூடாது, சொகுசா ஓட அஞ்சு வேணும். ரெண்டு இசட்எஃப்எஸ் பெட்டி உங்களுக்கு நாலஞ்சு வருஷம் தாங்கும். ஒரு விஷயம் மட்டும் இப்பவே பண்ணுங்க, 36 டிஸ்க் போடுற பெட்டியா வாங்கி 12 மட்டும் போடுங்க. அடுத்த வருஷம் ஆறு, அதுக்கடுத்த வருஷம் ஆறு. காலி இடத்துக்கு இன்னிக்கு பெருசா காசு இல்ல, டிஸ்க்குக்குத்தான் காசு, நாளைக்கு வாங்குற டிஸ்க் இன்னும் பெருசா இருக்கும், வாரண்டியும் அன்னிக்கு ஆரம்பிக்கும். 500 டிபியை இன்னிக்கே வாங்கி முதல் ரெண்டு வருஷம் முக்காவாசி காலியா சுத்த விட்டா கரண்ட்டுக்கும் கேடு, வாரண்டிக்கும் கேடு.

கிளவுடு. எனக்கு அது மேல வெறுப்பு எல்லாம் இல்ல, கணக்கு மட்டும் பாருங்க. உங்க கிராண்ட்ல அந்த 25 லட்சம் நான்-ரெக்கரிங் தலைப்புல வந்திருக்கும், ஒருதடவை பொருள் வாங்க. கிளவுடு மாசா மாசம் பில், கிராண்ட் மூணு வருஷத்துல முடிஞ்சதும் யார் கட்டுறது? வைக்கறது மலிவு, அமேசானோட ஆழமான ஆர்க்கைவ்ல டிபிக்கு மாசம் ஒரு டாலர்தான் ஆகும், ஆனா திரும்ப வேணும்னா அரை நாள் காத்திருக்கணும், சாதாரண ஸ்டோரேஜ்லேர்ந்தே 10 டிபியை வெளியில இறக்க அமெரிக்க ரீஜன் ரேட்ல 900 டாலர் கிட்ட ஆகும். உள்ள போறதுக்கு டிக்கெட் இல்ல, வெளிய வர்றதுக்குத்தான் டிக்கெட். அப்புறம் உங்க 48 டிபி மேல ஏறணுமே, காம்பஸ்ல ராத்திரி பகலா 100 மெகாபிட் வேகம் நிலையா கிடைச்சா 44 நாள். மறுபடி எடுக்கவே முடியாத முதல் குவியலோட மூணாவது காப்பிக்கு மட்டும் கிளவுடு சரி. இல்லன்னா எல்டிஓங்கற காந்த டேப்பு, அதுதான் என் விருப்பம். எல்டிஓ-9 டேப்பு ஒண்ணு 18 டிபி, அட்டையில 45-ன்னு போட்டிருக்கும், அது சுருக்கினா வர்ற கணக்கு, உங்க ஃபாஸ்ட்க்யூ ஏற்கனவே சுருக்கினது, அதனால 18-தான். ஒரு டேப்பை முழுசா ரொப்ப பன்னெண்டரை மணி நேரம். டேப்பை எழுதி வெளியில எடுத்து அலமாரியில வச்சுட்டா எந்த வைரஸும் எந்த ஸ்கிரிப்ட்டும் அதை தொட முடியாது, கியோட்டோ கதையில அப்படி ஒண்ணு இருந்திருந்தா அந்த நாலு குழுவும் தப்பிச்சிருக்கும்.

டிஸ்க்கை கையில தூக்கிட்டு போறது அசிங்கம்னும் நெனைக்காதீங்க. 2017 ஏப்ரல்ல கருந்துளை படம் எடுத்தாங்களே, ஈவன்ட் ஹொரைசன் டெலஸ்கோப், அந்த 5 பெட்டாபைட் (ஒரு பெட்டாபைட் ஆயிரம் டிபி) கிட்ட வர்ற டேட்டாவும் ஹார்ட் டிஸ்க்ல பிளேன் ஏறித்தான் வந்துச்சு. தென் துருவத்து டிஸ்க் எல்லாம் அங்க குளிர்காலம் முடிஞ்சு பிளேன் இறங்கற வரைக்கும், வருஷக் கடைசி வரைக்கும் காத்திருந்துச்சு. உங்க ரெண்டாவது சர்வருக்கு முதல் காப்பியை நெட்வொர்க்ல அனுப்பி நாள்கணக்கா காத்திருக்காம, ரெண்டு பெட்டியையும் ஒரே ரூம்ல வச்சு காப்பி பண்ணிட்டு அப்புறம் அந்தப் பெட்டியை வண்டியில ஏத்தி அடுத்த கட்டடத்துக்கு கொண்டு போங்க. டிஸ்க்கை கழட்டி நம்பர் போட்டு தனியா நுரை பெட்டியில, காலியான சர்வர் பெட்டியை தனியா.

பேப்பர் வந்த டேட்டாவை எல்லாம் நீங்களே காலகாலத்துக்கும் சுமக்க வேண்டியதில்ல. ஃபரீதாபாத்ல இந்தியன் பயாலஜிக்கல் டேட்டா சென்டர் 2022 நவம்பர்லேர்ந்து இருக்கு, 10,000 பேரோட ஜீனோம் டேட்டா, ஜீனோம் இந்தியா திட்டத்தோடது, அங்கதான் வச்சிருக்காங்க. சீக்வென்ஸ் டேட்டாவை அங்க டெபாசிட் பண்ணுங்க. ஏத்துறப்போ சாம்பிள் விவரம் முழுசா கேப்பாங்க, எந்த திசு, எந்த கிட், எந்த தேதி. அப்பத்தான் நிறைய லேபுக்கு தெரியும் அந்த விவரம் ஒரு நோட்புக்ல இருந்துச்சு, அந்த நோட்புக் படிச்சு முடிச்ச ஸ்காலரோட போயிடுச்சுன்னு. அதனால இனிமே ஃபோல்டரை ஆள் பேர்ல குடுக்காதீங்க, புராஜெக்ட் பேர்ல குடுங்க, கோட்டாவும் புராஜெக்ட்டுக்கு. ஒவ்வொரு ஃபோல்டர்லயும் உள்ள என்ன இருக்குன்னு சொல்ற ஒரு ரீட்மி ஃபைல், பத்து வரி போதும். ஸ்காலர் நோ டியூஸ் வாங்க வர்றப்போ லைப்ரரி கையெழுத்து மாதிரி உங்க கையெழுத்தும் வேணும்னு மேடம்கிட்ட சொல்லி வைங்க, இதுக்கு ஒரு பைசா செலவில்ல, எனக்கு தெரிஞ்சு இதைவிட அதிகம் டேட்டாவை காப்பாத்துன மெஷின் எதுவும் இல்ல.

25 லட்சத்தை எப்படி பிரிக்கறது? டிஸ்க் விலை மாசத்துக்கு மாசம் ஆடுது, அதனால பங்கா சொல்றேன். பாதிக்கு கொஞ்சம் மேல ரெண்டு பெட்டிக்கும் டிஸ்க்குக்கும். டேப் டிரைவும் முதல் 10 டேப்பும் அதுக்கடுத்து. நெட்வொர்க்குக்கு கொஞ்சம். யூபிஎஸ் பேட்டரியும் ரெண்டாவது ஏசியும் கண்டிப்பா இருக்கணும், ஏசி ஒண்ணே ஒண்ணு இருந்து மே மாசம் சனிக்கிழமை நின்னா திங்கக்கிழமை என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டாம். மூணு உதிரி டிஸ்க் அலமாரியில. அஞ்சு வருஷ வாரண்டியை விலையோட சேர்த்தே கேளுங்க, அப்புறம் ஏஎம்சிக்கு (வருஷ பராமரிப்பு ஒப்பந்தம்) ரெக்கரிங் காசு கிடைக்காது.

கடைசியா அந்த பீரோ. 23 டிஸ்க்குக்கும் முதல்ல மேல ஸ்டிக்கர் ஒட்டி நம்பர் போடுங்க, ஒரு ஷீட்ல யாரோடது எந்த வருஷம்னு எழுதுங்க. நல்லா இருக்கற 22-ஐ புது சர்வர் வந்ததும் ஒண்ணொண்ணா ரீட்-ஒன்லியா மவுண்ட் பண்ணி இழுங்க, இழுக்கறதுக்கு முன்னாடியே மூணு குவியல் கணக்கை அதுலயும் போடுங்க, பாதி ஏற்கனவே நாஸ்ல இருக்கும். கிளிக் சத்தம் வர்றதை இனிமே பவர்ல போடவே போடாதீங்க, சரியாச்சான்னு ஒருதடவை பாப்போம்னு கூட வேண்டாம், உள்ள ஹெட்டு தகட்டை உரசிக்கிட்டு இருக்கலாம். அதுல என்ன இருக்குன்னு மேடம்கிட்ட கேளுங்க, திரும்ப எடுக்க முடியாததுன்னா டேட்டா ரெகவரி ஆளுங்ககிட்ட அப்படியே குடுங்க, வேற எங்கயாவது காப்பி இருக்குன்னா விட்டுடுங்க. ஃப்ரீசர்ல வச்சா சரியாகும்னு யாராவது சொல்வாங்க, உங்க லேப்ல மைனஸ் 80 ஃப்ரீசர் வேற இருக்கும், அதுல மட்டும் வச்சுடாதீங்க.